வெட்டுப்பட்ட ‘ள’

செய்தி வந்தபோது காலை மணி பத்து நாற்பது. சரியாகச் சொன்னால் பத்து முப்பத்தாறுக்கே வந்துவிட்டது. போனை எடுக்கத்தான் நான்கு நிமிடம் ஆனது. தங்கை இரண்டு காதிலும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஏவுகணைகள் எவ்வளவு தூரம் பாயும் என்று ஓய்வுபெற்ற தளபதி ஒருவர் விளக்கியிருந்ததைக் கேட்டுத் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். மேசைமேல் போன் மூன்று முறை அதிர்ந்து அடங்கியது. திரையில் ‘அண்ணி’ என்று வந்ததைப் பார்க்கவும் பார்த்தாள். தளபதி வாக்கியத்தின் நடுவில் இருந்தார். மனுஷன் முடிக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

நான்காவது முறை எடுத்தபோது அண்ணி அழவில்லை.

“உங்க அண்ணன் எழுந்திருக்க மாட்டேங்கிறார். மேசையிலேயே சாஞ்சிருக்கார். காதுல ஹெட்போன் இன்னும் ஓடிட்டு இருக்கு. நான் அதை நிறுத்தவா, வேண்டாமா?”

இரண்டு தெரு தள்ளித்தான் அண்ணன் வீடு. செருப்பை இடம் வலம் மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினாள். பின்னறையில், ஜன்னலை ஒட்டிய மேசையில், அண்ணன் வலது கன்னத்தை விசைப்பலகையின் ஓரத்தில் வைத்திருந்தார். ஹெட்போனுக்குள் யாரோ ஒருவர், பெரிய பாத்திரங்களை உப்புத் தண்ணீரில் கழுவினால் என்ன ஆகும் என்று சாவகாசமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். தங்கை குனிந்து ஒலிப்பதிவை நிறுத்தினாள். ஒலிப்பதிவு ஒரு மணி முப்பத்தொரு நிமிடம் ஓடியிருந்ததாகத் திரை காட்டியது. அண்ணன் தட்டியிருந்த எழுத்து நாற்பத்தேழாவது நிமிடத்தோடு நின்றிருந்தது. பிறகு வந்த டாக்டர், “எப்போ ஆச்சுன்னு தெரியுமா?” என்று கேட்டபோது, அவள் ஒன்றிலிருந்து இன்னொன்றைக் கழித்து, வந்ததைத் தான் நிறுத்திய நேரத்திலிருந்தும் கழித்து, “பத்து மணி ஒரு நிமிஷம் இருக்கும்” என்றாள். டாக்டர் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

அழுகை வருவதற்குமுன் அவளுக்கு வந்தது கோபம். முதலில் தன்மேல், யாரோ ஒருவருடைய வாக்கியம் முடியட்டும் என்று காத்திருந்ததற்காக. அடுத்து அந்தத் தளபதியின்மேல். அடுத்து, அவரைப் பேசவைத்து, அந்தப் பேச்சை அவளுக்கு அனுப்பிவைத்த ஸ்டூடியோவின்மேல். அங்கே போய் நின்ற கோபம் அதற்கப்புறம் நகரவில்லை.

அண்ணனை வேலையிடத்தில் எல்லாரும் ‘கத்திரி’ என்றுதான் கூப்பிட்டார்கள். ஐம்பத்தெட்டு வயதில் முப்பத்தெட்டு வருடம் அவர் பார்த்தது ஒரே வேலை: மற்றவர்கள் பேசியதை வெட்டி ஒட்டுவது. அரசு வானொலியில் டேப் மெஷின் ரிப்பேர் பார்க்கச் சேர்ந்தார். ஒருநாள் வெட்டுகிற ஆள் வராமல்போக, செய்திக்குப் பத்து நிமிடம் இருக்கையில், ஒரு மந்திரியின் அரைமணிநேரப் பேச்சிலிருந்து நாற்பது விநாடியை பிளேடால் அறுத்துக் கொடுத்தார். மந்திரியே போன் பண்ணி, தான் இவ்வளவு தெளிவாகப் பேசியது தனக்கே தெரியாது என்றாராம். அன்றைக்கு மாட்டியவர்தான். இடது கட்டைவிரலில் பிளேடு போட்ட தழும்புகள் ஏழு. டேப் போய் கம்ப்யூட்டர் வந்த பிறகும், முக்கியமான இடம் வந்தால் அந்த விரலைத்தான் தடவிக்கொண்டிருப்பார்.

வீட்டிலும் அந்தப் புத்தி போகாது. உறவுக்காரர்கள் வந்து நீட்டி முழக்கிப் பேசிவிட்டுப் போனதும், “நடுவுல ஒரு பத்து நிமிஷத்தை எடுத்துட்டா நல்ல மனுஷன்தான்” என்பார். அண்ணி விடமாட்டாள். “நான் பேசறதை இவர் கேக்கறப்பவே வெட்டிடுவார். சாப்பாடு ரெடிங்கறது மட்டும் முழுசா கேக்கும்.”

ஆனால் வெட்டுவதில் அவருக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. இருமலை எடுக்கலாம், தும்மலை எடுக்கலாம், சொன்னதையே மூன்று தரம் சொன்னால் இரண்டைத் தூக்கலாம். வார்த்தையின் கடைசி எழுத்தில் மட்டும் கை வைக்கக் கூடாது. புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம், “நம்ம பேச்சுக்கு உயிரெல்லாம் வால்லதான் இருக்கு. பல்லி வால்னு நினைச்சுடாதீங்க, அறுந்தா மறுபடி முளைக்காது” என்பார். அவர்கள் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார். ஆனால் அவர்கள் வெட்டியதை எடுத்து ஒவ்வொரு வாலாகத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்புவார்.

வானொலியில் ஆட்களைக் குறைத்தபோது, பன்னிரண்டு வருடத்துக்குமுன், அந்தத் தனியார் ஸ்டூடியோவில் சேர்ந்தார். வாரம் ஒரு நிகழ்ச்சியாக இணையத்தில் வெளியாகும் ஒலித்தொடர். எல்லை, போர், ஒப்பந்தம், உளவு, ஆயுத பேரம் என்று ஒரு விஷயத்தை எடுத்து முக்கால் மணி நேரம் அலசுவார்கள். அதில் பேசிய தொகுப்பாளரின் குரல் அப்படிப்பட்டது. அவருக்கு ‘வெண்கலம்’ என்று அண்ணன்தான் பேர் வைத்தார். வெண்கலம் பேசினால் நாளைக்கே போர் வரப்போகிறது என்றும் தோன்றும், வந்தாலும் பரவாயில்லை என்றும் தோன்றும். அண்ணனுக்கு உலக அரசியல் தெரியாது. காது மட்டும் தெரியும். முன்னாள் தூதர்களும் உளவுத்துறைக்காரர்களும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பேசும்போது, இவர் இந்தப் பக்கம் கண்ணை மூடிக்கொண்டு இருப்பார். “இவர் மூச்சை வாக்கியத்துக்கு நடுவுல எடுக்கறார். எழுதிக் கொடுத்ததைப் பேசறார்” என்பார். பெரும்பாலும் அது சரியாக இருந்துதொலைக்கும்.

தங்கைக்கு அங்கே வேலை வாங்கித் தந்தவரும் அவர்தான். ஒலிப்பதிவுகளைக் கேட்டு எழுத்தாக்கித் தரும் வேலை; வீட்டிலிருந்தே செய்யலாம். மேசைக்கடியில் தையல் மெஷினில் இருப்பதுபோல ஒரு கால்மிதி. அழுத்தினால் பேச்சு ஓடும், விட்டால் நிற்கும், குதிகாலால் தட்டினால் மூன்று விநாடி பின்னால் போகும். ஆரம்பத்தில் முழு ஒலிப்பதிவுகளும் அவளிடம் வந்தன. போன வருடம் அதை ஒரு கம்ப்யூட்டர் நிரலிடம் கொடுத்துவிட்டார்கள். வெளியாகப்போகும் நிகழ்ச்சியை மட்டும், இணையதளத்தில் போடுவதற்காக, அவள் எழுதித் தந்தால் போதும் என்றாகிவிட்டது.

அந்த மாற்றம் இல்லாதிருந்தால் இந்தக் கதையே இல்லை.

கடலில் இரண்டு நாடுகளுக்கு நடுவில் ஒரு சம்பவம் நடந்தது. நம் பக்கத்து ரோந்துக் கப்பல் ஒன்றும் அந்தப் பக்கத்து மீன்பிடிப் படகு ஒன்றும் நேருக்கு நேர் வந்தன. படகில் இருந்த மூன்று பேர் செத்துப்போனார்கள். அவர்கள்தான் முதலில் சுட்டார்கள், நாங்கள் திருப்பிச் சுட்டோம் என்றது நம் அரசாங்கம். எங்களிடம் வலையைத் தவிர ஒன்றும் இல்லை என்றது அந்தப் பக்கம். முதல் தோட்டா யாருடையது என்பதில்தான் எல்லாம் தொங்கிக்கொண்டிருந்தது. கப்பலில் இருந்த இருபத்தாறு பேரில் வாயைத் திறக்க ஒருவர்தான் சம்மதித்தார். அவர் கப்பலின் சமையல்காரர்.

அவருக்கும் ஒரு நிபந்தனை இருந்தது. “அந்தப் பெரிய குரல்காரர் வேண்டாம். அவர் எதிர்ல உக்காந்தா எனக்கு அட்டென்ஷன்ல நிக்கணும்போல இருக்கும்.” அதனால் ரெக்கார்டரைத் தோளில் மாட்டிக்கொண்டு அண்ணன் மட்டும் போனார். சமையல்காரரின் வீட்டு அடுப்படியில், ஃபிரிட்ஜை அணைத்துவிட்டு, ஜன்னலில் போர்வையைக் கட்டி, ஒரு மணி ஐம்பத்திரண்டு நிமிடம் பேசவைத்துப் பதிவு செய்துகொண்டு வந்தார். அண்ணன் கேட்ட கேள்விகளையெல்லாம் எடுத்துவிட்டு, அதே கேள்விகளை வெண்கலம் தன் குரலில் திரும்பப் பதிந்துகொண்டார். கேட்பவர்களுக்கு, வெண்கலமே அந்த அடுப்படியில் முட்டி போட்டு உட்கார்ந்திருந்ததுபோல இருக்கும். அண்ணனுக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. “என் குரலைக் கேட்டா எனக்கே தூக்கம் வரும்” என்றார்.

சமையல்காரர் சொன்னது இதுதான்: “முதல்ல அவங்கள சுட்டாங்க. நான் தட்டைக் கீழ போட்டுட்டுப் படுத்துட்டேன்.”

அவங்கள சுட்டாங்க. நம் ஆட்கள், அவர்களை. ‘நம்ம ஆளுங்க’ என்று அந்த வாக்கியத்தில் அவர் தனியாகச் சொல்லவில்லை. வீட்டில் பேசுகிற யாரும் சொல்லமாட்டார்கள். அந்த ஒரு ‘ள’ போதும்.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு அண்ணன் நாற்பத்துமூன்று நிமிடத்தில் நிகழ்ச்சியை முடித்துக் கொடுத்துவிட்டு, அண்ணியைக் கண் டாக்டரிடம் அழைத்துக்கொண்டு போனார். விளம்பரம் ஒன்று கடைசி நேரத்தில் வந்தது; நிகழ்ச்சி நாற்பத்தொன்றுக்குள் அடங்க வேண்டும். வெண்கலம் தானே மௌஸைக் கையில் எடுத்தார். இடைவெளிகளை இறுக்கினார், மூச்சுகளை உருவினார். சமையல்காரர் ‘ள’வுக்கு அடுத்து லேசாக மூச்சிழுத்திருந்தார். மூச்சை இழுத்த கையோடு ‘ள’வும் வந்துவிட்டது.

முதல்ல அவங்க சுட்டாங்க.

அந்தச் சம்பவத்தைப் பற்றி அதுவரை ஒரு முடிவுக்கு வரமுடியாமல் இருந்த வெண்கலம், தான் வெட்டியதைத் தானே கேட்டு அசந்துபோனார். ‘ஆக, முதல் தோட்டா அந்தப் பக்கத்திலிருந்துதான் வந்தது’ என்று, பின்னணியில் ஒரு மெல்லிய இசையோடு, புதிதாக ஒரு வரியும் பேசிச் சேர்த்தார்.

அன்று மாலை அதை எழுத்தாக்கியது தங்கை. ‘அவங்க சுட்டாங்க’ என்ற இடத்தில் ஏதோ தடுக்கியது. இரண்டு சொல்லுக்கும் நடுவில் இருக்கவேண்டிய இடம் இல்லாததுபோல. குதிகாலால் தட்டி மறுபடி கேட்டாள். ‘அவங்க’ என்றுதான் காதில் விழுந்தது. விழுந்ததை அப்படியே தட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போனாள்.

செவ்வாய்க்கிழமை நிகழ்ச்சி வெளியானது. அண்ணன் முகத்தில் சோப்பு நுரையோடு ஷேவ் செய்துகொண்டே போனில் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த இடம் வந்ததும் பாதி முகத்தோடு வெளியே வந்து, முதலில் தங்கைக்குத்தான் போன் செய்தார்.

“நீயாவது கேட்டிருக்கக் கூடாதா?”

“என்னத்தை?”

“வாலை அறுத்துட்டான்.”

அடுத்த போன் வெண்கலத்துக்கு. “கவனிக்கிறேன் அண்ணே, இன்னைக்கே கவனிக்கிறேன்” என்றார் வெண்கலம். அவர் கவனிப்பதற்குள் பாதுகாப்பு அமைச்சகத்தின் பேச்சாளர் கவனித்துவிட்டார். கப்பலில் இருந்தவரே ஒப்புக்கொண்டுவிட்டார் என்று அந்த மூன்று சொற்களை நிருபர்கள் முன்னால் போட்டுக் காட்டினார். அதுவரை அந்தத் தொடர் பார்த்திராத அளவுக்கு ஆட்கள் கேட்டார்கள். ஸ்டூடியோவில் எல்லாருக்கும் கேக் வெட்டினார்கள். அண்ணன் கேக் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே தொடரின் ஆசிரியர் அறைக்குள் போய், திருத்தம் எப்போது போடுவீர்கள் என்று கேட்டார். “பொறுங்க, சூடு தணியட்டும். நாட்டோட பாதுகாப்பு விஷயம்” என்றார் ஆசிரியர்.

சூடு தணியவில்லை, இடம் மாறியது. அந்தக் கடல் சம்பவத்தை விசாரிக்க அரசாங்கம் போட்ட ஆணையத்திடம் சமையல்காரர் உள்ளதை உள்ளபடி சொன்னார். அங்கே, ‘நம் ஆட்கள்தான் முதலில் சுட்டார்கள்.’ ஒலித்தொடரில், ‘அவங்க சுட்டாங்க.’ எது பொய் என்று கேட்டார்கள். பொய்ச் சாட்சி வழக்கு போடப்போவதாக அவருக்குக் கடிதம் வந்தது. அவர் ஸ்டூடியோவுக்கு வந்து வாசலில் நின்று சத்தம் போட்ட பிறகு, ஆசிரியர் குழு கூடி நான்கு வரி அறிக்கை ஒன்றை வெளியிட்டது. ‘ஒலித்தொகுப்புப் பிரிவில் நேர்ந்த கவனக்குறைவால் ஓர் உரையாடலின் பொருள் குறித்துச் சில ஐயங்கள் எழுந்துள்ளன. சம்பந்தப்பட்டவர் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டார்.’

எந்த உரையாடல், எந்தச் சொல், என்ன ஐயம், ஒன்றும் கிடையாது. ஒலித்தொகுப்புப் பிரிவில் இருந்தது ஒரே ஒரு ஆள். முப்பத்தெட்டு வருடம் வால்களைக் கட்டிக் காத்தவர் தலையில் வாலறுத்த பழியைக் கட்டிவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வரும்போது அண்ணன் ஒரு பென் டிரைவைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தார். முழு ஒலிப்பதிவு. ஆணையத்துக்குப் போய்க் கேட்டார். ஒலிப்பதிவு மட்டும் போதாது, சொல்லுக்குச் சொல் எழுத்துப்படியும், அதை எழுதியவரின் கையெழுத்தும் வேண்டும் என்றார்கள். அப்போது தங்கை, “கொடுங்க அண்ணா, ரெண்டு நாள்ல முடிச்சுடறேன்” என்றாள்.

“நீ இன்னும் அவங்க வேலையில இருக்க. இதுல உன் பேர் வந்தா உன்னையும் தூக்கிடுவாங்க.”

“தூக்கட்டுமே.”

“வீட்டுல ஒருத்தர் சும்மா உக்காந்திருந்தா போதும். ரெண்டு பேர் உக்காந்தா உங்க அண்ணி நம்மளைக் கத்தியால வெட்டுவா.”

அவர் இரண்டு விரலால் தட்டுவார். ‘ஞ’ எங்கே இருக்கிறது என்று தினமும் தேடுவார். கால்மிதி இல்லை, மௌஸால் நிறுத்தி, மௌஸால் ஓட்டி, ஒவ்வொரு வாலையும் பத்துத் தரம் கேட்டுவிட்டுத்தான் அடுத்த சொல். நடுவில் ஒரு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். டாக்டர் நெஞ்சில் கைவைத்துப் பார்த்துவிட்டு, மனதைப் போட்டு உழப்பிக்கொள்ளாதீர்கள் என்றார். “வெட்டி எடுத்துடலாம் டாக்டர், எந்த இடம்னு சொல்லுங்க” என்றார் அண்ணன். நான்கு மாதத்தில் நாற்பத்தேழு நிமிடம் வந்திருந்தது. அந்த மூன்று சொற்கள் ஐம்பத்துமூன்றாவது நிமிடத்தில் இருந்தன.

அவர் போன எட்டாம் நாள், பகல் மூன்று மணிக்கு, வெண்கலம் அண்ணன் வீட்டுக்கு வந்தார். கறுப்புச் சட்டை, கையில் பூங்கொத்து. அண்ணி எழுந்து உள்ளே போய்விட்டாள். தங்கை மட்டும் முன்னறையில் இருந்தாள்.

“அண்ணே இல்லாம ஸ்டூடியோவே ஸ்டூடியோவா இல்லக்கா” என்றார் வெண்கலம், அதே குரலில். “அவருக்காக ஒரு தனி நிகழ்ச்சி பண்றோம். திரைக்குப் பின்னால் இருந்த ஒரு கலைஞர்னு. நீங்க வந்து ஒரு ரெண்டு நிமிஷம் பேசணும்.”

“பேசறேன்.”

அவர் இதை எதிர்பார்க்கவில்லை. “ரொம்ப நன்றிக்கா.”

“அதுக்கு முன்னாடி நீங்க பேசணும். அந்த ‘ள’வை நான்தான் அறுத்தேன்னு, உங்க வாயால. மூணு விநாடி போதும்.”

வெண்கலம் பூங்கொத்தை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். “அது சட்டச் சிக்கல்க்கா. வக்கீலைக் கேக்கணும்.”

“அறுக்கறதுக்கு முன்னாடி கேட்டீங்களா?”

“தெரிஞ்சு பண்ணினதா அது? எனக்கும் வயசான அப்பா இருக்கார், எனக்கும் மனசாட்சி இருக்கு. நான் மட்டும் முடிவெடுக்கற விஷயம் இல்ல. ரெண்டு நாட்டுக்கு நடுவுல இருக்கற பிரச்சினை. இப்பப் போய்த் திருத்தம் போட்டா அந்தப் பக்கத்துக்காரன் அதை எடுத்து ஆயுதமாக்குவான்.”

“இந்தப் பக்கத்துக்காரன் ஆக்கினப்போ கேக் வெட்டினீங்களே.”

வெண்கலம் பூங்கொத்தின் காகிதத்தைச் சரிசெய்தார். பிறகு, வந்த காரியத்தை மென்று விழுங்கி மெதுவாக வெளியே விட்டார். “அண்ணே வீட்டுல ஒரு பென் டிரைவ் இருக்கும்க்கா. ஸ்டூடியோவோட சொத்து அது. நாளைக்கு யாராவது கேட்டா உங்களுக்குத்தான் தொந்தரவு. அதை மட்டும்...”

தங்கை போய் வாசல் கதவை அகலத் திறந்தாள்.

“தம்பி, எங்க அண்ணன் போய் எட்டு நாள் ஆகுது. அவர் கேட்ட கேள்வியை உங்க குரல்ல கேட்டீங்க, பேசாம இருந்தார். நீங்க பண்ணின தப்பை அவர் பேர்ல எழுதினீங்க, நாலு மாசம் ராத்திரி பகலா ரெண்டு விரலால தட்டிட்டு இருந்தார். இப்போ செத்தவர் மேசையிலேர்ந்து அதையும் எடுத்துட்டுப் போறதுக்குப் பூ வாங்கிட்டு வந்திருக்கீங்க. இந்தப் பூவை என்ன விலைக்கு வாங்கினீங்கன்னு கூட நான் கேக்கப்போறதில்ல. எடுத்துட்டுப் போங்க.”

“நீங்க கோபத்துல பேசறீங்க.”

“ஆமாம். அதுல எதையும் வெட்டாம எடுத்துட்டுப் போங்க.”

கதவருகே போன வெண்கலம் திரும்பினார். அவமானப்பட்ட மனிதனுக்குக் கையில் கிடைத்தது எதுவோ அதை எடுத்து வீசத் தோன்றும்; அவருக்குக் கிடைத்தது ஒரு சில்லறை விஷயம்தான். “உங்ககிட்ட இருக்கற கம்ப்யூட்டர் பெடலும் ஆபீஸோடது.”

தங்கை அவரை அங்கேயே நிற்கச் சொன்னாள். இரண்டு தெரு நடந்து தன் வீட்டுக்குப் போய், மேசைக்கடியில் தவழ்ந்து, கால்மிதியைப் பிடுங்கி, ஒயரை அதைச் சுற்றிச் சுருட்டி, திரும்பி நடந்துவந்து அவர் கையில் கொடுத்தாள். அவர் அதுவரை நின்றிருந்தார். ஒரு கையில் பூங்கொத்தும் இன்னொரு கையில் கால்மிதியுமாக அவர் படியிறங்குவதை அண்ணி ஜன்னலிலிருந்து பார்த்தாள். எட்டு நாளில் அன்றைக்குத்தான் அவள் முதல்முறையாகச் சிரித்தாள். சிரிப்பு நடுவில் உடைந்து அழுகையாகிவிட்டது.

சமையல்காரரின் விசாரணைக்கு ஆறு நாள் இருந்தது. தங்கை அண்ணனின் மேசையிலேயே உட்கார்ந்தாள். அவர் தட்டிய நாற்பத்தேழு நிமிடத்தை முதலில் சரிபார்த்தாள். எழுத்துப் பிழை நிறைய இருந்தது, வால் பிழை ஒன்றுகூட இல்லை. பிறகு தொடர்ந்தாள். கால்மிதி இல்லாமல் கை தடுமாறியது. வாக்கியம் முடிகிற இடத்தில் கால் தானாக வெறுந்தரையை அழுத்தியது.

ஒலிப்பதிவு முழுக்க அண்ணன் இருந்தார். ஸ்டூடியோ துடைத்தெடுத்த கேள்விகளெல்லாம் இங்கே அப்படியே இருந்தன. “ம்ம், சொல்லுங்க.” “தட்டுல என்ன இருந்துச்சு?” “பயமா இருந்துச்சா, இல்ல கோபமா?” கேட்கிறவரை அவசரப்படுத்தாத, கொஞ்சம் தூக்கம் வரவைக்கிற குரல். ஐம்பத்துமூன்றாவது நிமிடத்தில் அந்த மூன்று சொற்கள் வந்தன. ‘ள’ அங்கே கல்லில் அடித்ததுபோல இருந்தது. அதற்கடுத்து அண்ணன், “யாரு, யாரை?” என்று கேட்டிருந்தார். சமையல்காரர், “நம்ம ஆளுங்க. அவங்களை” என்று சொல்லியிருந்தார். சொன்னதையே மறுபடி சொன்னது என்று அண்ணனே இதை நிகழ்ச்சியில் சேர்த்திருக்கவில்லை; வெண்கலம் இதைக் கேட்டதே இல்லை. முழு ஒலிப்பதிவைக் கேட்க அந்த ஸ்டூடியோவில் ஒரு ஆளுக்கும் நேரம் இருக்கவில்லை. நிரல் எழுதித் தந்திருந்த படியில் அந்த இடத்தில் ‘தெளிவில்லை’ என்று போட்டிருந்தது.

அவள் எழுந்துபோய்க் குழாயைத் திறந்து, தண்ணீர் நிறைந்து வழியும்வரை பக்கெட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நாடு, பாதுகாப்பு, உலக விவகாரம், வெண்கலக் குரல், மெல்லிய இசை. இவ்வளவுக்கும் நடுவில், மூன்று பேர் எப்படிச் செத்தார்கள் என்ற உண்மை, ஒரு அடுப்படியில், அணைத்துவைத்த ஃபிரிட்ஜின் பக்கத்தில், யாரும் கேட்காமல் உட்கார்ந்திருந்தது. நான்கு மாதம் ஒரு மனிதர் மட்டும் அதைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார். அவளோ அந்த ஸ்டூடியோவுக்காக ஏவுகணையின் தூரத்தைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

விசாரணை நடந்தது ஒரு அரசு அலுவலகத்தின் மூன்றாம் மாடி அறையில். கோப்புகள் ஜன்னல்வரை அடுக்கியிருந்தன. சமையல்காரர் இஸ்திரி போட்ட சட்டையில், வலது முட்டியை நீட்டிவைத்து உட்கார்ந்திருந்தார். அதிகாரி அந்த இடத்தை நான்கு முறை போட்டுக் கேட்டார். நான்காவது முறை கேட்டுவிட்டு, ஸ்டூடியோவின் இணையதளத்திலிருந்து எடுத்துவைத்திருந்த தாளில் ‘அவங்க’வுக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு ‘ள’ போட்டார்.

“எழுதினது நீங்களா?”

“பாதி எங்க அண்ணன். பாதி நான். ரெண்டு பேர் பேரும் போட்டிருக்கேன்.”

அவர் கடைசிப் பக்கத்தைப் புரட்டினார். “பதிவு ஒரு மணி ஐம்பத்திரண்டு நிமிஷம். உங்க எழுத்து ஒரு மணி நாற்பத்தாறோட நிக்குது. மிச்சம் ஆறு நிமிஷம்?”

தங்கை சமையல்காரரைத் திரும்பிப் பார்த்தாள். சமையல்காரர்தான் வாயைத் திறந்தார்.

“அதுல கடல் சமாச்சாரம் எதுவும் இல்ல சார். முட்டி வலி. எனக்கு வலது, அவருக்கு இடது. பேசிட்டே இருந்தோம், மெஷினை அணைக்க மறந்துட்டார்.”

“அதுவும் பதிவுல இருக்குல்ல? கோப்பு முழுசா இருக்கணும். இருபது நாள்ல கொண்டுவந்து கொடுங்க” என்று அதிகாரி அவளிடம் ஒரு சீட்டு எழுதித் தந்தார்.

மறுவாரம் சமையல்காரர்மீது வழக்கு இல்லை என்று கடிதம் வந்தது. ‘மூல ஒலிப்பதிவின்படி’ என்று அதில் ஒரு சொல் இருந்தது. சமையல்காரர் அதை போனில் இரண்டு தரம் படித்துக் காட்டினார். அதே வாரம் ஸ்டூடியோ, ‘திரைக்குப் பின்னால் ஒரு கலைஞர்’ என்று நாற்பத்தொரு நிமிட நிகழ்ச்சியை வெளியிட்டது. வெண்கலம் அதில் உருகியிருந்தார். திருத்தம் எதுவும் போடவில்லை. தங்கை அவர்களுக்கு ஒரே வரியில் வேலையை விட்டுவிட்டதாக எழுதினாள். தளபதியின் ஏவுகணைப் பேச்சைப் பாதியில் அப்படியே திருப்பி அனுப்பினாள்.

சீட்டில் இருந்த இருபது நாளில் பதினாறு போய்விட்டது. அண்ணனின் மேசை, பென் டிரைவ், ஹெட்போன் எல்லாம் இருந்த இடத்தில் இருக்கின்றன. ஒலிப்பதிவு ஒரு மணி நாற்பத்தாறு நிமிடத்தில் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. அண்ணன் குரலில் அவளுக்குக் கேட்க மிச்சம் இருக்கும் அந்த ஆறு நிமிடங்களை அவள் இன்னும் தட்டச்சு செய்யவில்லை.